நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி உண்டா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற மோட்டார் காப்பீட்டு சர்வேயர்

கேள்வி: மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரைப் பார்த்து வாங்கினேன். ‘பாதுகாப்பான வண்டி சார், இன்சூரன்ஸும் குறையும்’ என்றார் ஷோரூம்காரர். பாலிசி வந்த பிறகு பார்த்தால், என் மைத்துனரின் பழைய மாடலுக்கும் எனக்கும் மூன்றாம் நபர் கட்டணம் ஒரே தொகை. ஏமாற்றிவிட்டார்களா?
– நாமக்கல் வாசகர்

ஷோரூமில் சொன்னதைப் பாலிசியில் தேடினால் கிடைக்காது. பிரீமியம் கணக்கு அச்சாகியிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சொந்தச் சேதம், இன்னொரு பக்கம் மூன்றாம் நபர் பொறுப்பு. இரண்டிலும் நட்சத்திரத்துக்கென்று ஒரு வரி கிடையாது.

மூன்றாம் நபர் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. தனியார் கார்களுக்கு அளவுகோல் எஞ்சினின் சிசி. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். உங்கள் வண்டியில் ஆள் உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள கூண்டு உறுதியானதா, ஏர்பேக் இரண்டா ஆறா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. நட்சத்திரம் பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. மூன்றாம் நபர் காப்பீடோ வெளியே இருப்பவர்களுக்கானது. நீங்கள் மோதும் சைக்கிள்காரருக்கு உங்கள் காரில் ஆறு ஏர்பேக் இருந்து என்ன பயன்?

சொந்தச் சேதப் பகுதியில் காரின் மதிப்பு, வயது, சிசி, எந்த ஊரில் பதிவானது என்பவை வரும். கிளெய்ம் வாங்காமல் இருந்தால் போனஸ், படிப்படியாக 50 சதவீதம் வரை. பழைய கட்டண விதிப் புத்தகத்தில் அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இரண்டரை சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் கழிவு உண்டு. திருடனைத் தடுத்தால் கழிவு, மண்டையைக் காத்தால் கழிவில்லை. 2007 முதல் இந்தப் பகுதியின் விலையை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆகவே ஒரு மாடலுக்குக் கிளெய்ம் குறைவாக வந்தால் அதற்கு விலையைக் குறைக்க அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் அவர்கள் பார்ப்பது பில் தொகையை, நட்சத்திரத்தை அல்ல.

பில் தொகை என்றதும் ஷோரூம்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏர்பேக் விரிந்த கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் எஸ்டிமேட் தாள் நீளமாகிவிடும். இடது பக்க ஏர்பேக் விரியும்போது டேஷ்போர்டு மூடி பிளந்திருக்கும். பல வண்டிகளில் முன்கண்ணாடியும் விரிசல் விட்டிருக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வெடிக் குழாய் வேலை செய்திருப்பதால் பெல்ட்டும் அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும், அதையும் மாற்ற வேண்டும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்கும் புதிது போடச் சொல்வார்கள். இத்தனைக்கும் பானெட்டும் பம்பரும் தனிக் கணக்கு. பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று எழுதிவிடுவோம். மூன்று லட்சம் மதிப்புள்ள பழைய காருக்கு இரண்டேகால் லட்சம்தான் எல்லை. ஏர்பேக் விரிந்த வண்டி அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். வண்டியில் வந்தவர் தன் காலில் நடந்து வந்து என்னிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். நிறுவனத்தின் மோட்டார் பிரிவுக்கு அது பெரிய நஷ்டக் கிளெய்ம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் உங்களுக்குத் தள்ளுபடி தரப்போகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்களே கார்களை வாங்கி மோதவிட்டுப் பார்க்கின்றனவாமே. அவர்களுக்கு இதில் என்ன லாபம்?
– திருநெல்வேலி வாசகர்

உண்மைதான். ஐ.ஐ.எச்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு 1959-இல் அங்குள்ள இன்சூரன்ஸ் நிறுவனங்களின் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. 1969-இல் வில்லியம் ஹாடன் என்ற மருத்துவர் தலைமைக்கு வந்தார். அதற்குமுன் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். விபத்தைத் தொற்றுநோய் மாதிரி பார்த்தவர்: ஓட்டுநருக்குப் புத்தி சொல்வதோடு நிற்காதே, மோதினாலும் ஆள் பிழைக்கும்படி வண்டியையும் சாலையையும் மாற்று என்றார்.

அந்த நாட்களில் அவர்கள் செய்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது, உயிரோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. புத்தம்புதுக் கார்களை நடைவேகத்தில் சுவரில் மோதவிட்டு, பம்பர் எதையும் தாங்காமல் உள்ளே போவதையும் அதைச் சரிசெய்ய ஆகும் செலவையும் எடுத்துக் காட்டினார்கள். பிறகு அமெரிக்க அரசு பம்பருக்கென்று விதிமுறையே கொண்டுவந்தது. பிரிட்டனில் தாட்சம் என்ற இடத்தில் 1969-இல் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அமைத்த மையமும் மணிக்கு 15 கிலோமீட்டரில் மோதி ரிப்பேர் செலவைக் கணக்கிட்டு, காரை எந்தப் பிரீமியம் குழுவில் சேர்க்கலாம் என்று சொல்லி வந்தது. ஒரு சோதனை எலும்பை எண்ணுகிறது, இன்னொன்று பில்லை எண்ணுகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நாமக்கல் வாசகர் ஏமாந்தார்.

ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பின் எலும்பை எண்ணும் சோதனைகள் வர்ஜீனியா மாநிலத்தில் ரக்கர்ஸ்வில் என்ற ஊரில் 1992-இல் திறக்கப்பட்ட கூடத்தில் நடக்கின்றன. 1995 முதல் காரின் முகப்பில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிடுகிறார்கள். உள்ளே உட்காரவைக்கும் டம்மி, அதாவது மனித உருவப் பொம்மையின் முகத்திலும் முழங்காலிலும் வெவ்வேறு நிறத்தில் மை பூசியிருப்பார்கள். மோதிய பிறகு எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் தலை ஏர்பேக்கில் பட்டதா, கதவுத் தூணில் பட்டதா என்பது தெரிந்துவிடும். நானும் வாழ்நாள் முழுக்க அதே வேலையைத்தான் செய்தேன். என்னிடம் மை கிடையாது, கண்ணாடியில் ஒட்டிய தலைமுடிதான் இருந்தது.

2012-இல் சோதனையைக் கடுமையாக்கினார்கள். முகப்பில் 25 சதவீதம் மட்டும், அதாவது ஹெட்லைட் ஓரம் மட்டும் படும் மோதல். மரத்திலோ மின்கம்பத்திலோ உரசி மோதுவது போன்றது. முதலில் எடுத்துக்கொண்ட 11 உயர்ரகக் கார்களில் ‘நன்று’ வாங்கியவை இரண்டே இரண்டு, அக்யுரா டி.எல்., வோல்வோ எஸ்60. மெர்சிடிஸ் சி கிளாஸும் ஆடி ஏ4-உம் ‘மோசம்’ பட்டியலில். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் நிறுவனங்கள் அலறியடித்துக்கொண்டு முன்பக்கத்தை வலுப்படுத்தின.

எப்படி வலுப்படுத்தின என்பதில்தான் வேடிக்கை. இந்தச் சோதனை நடந்தது ஓட்டுநர் பக்கத்தில் மட்டும். ஓட்டுநர் பக்கத்தில் ‘நன்று’ வாங்கிய ஏழு சிறிய எஸ்.யு.வி.க்களை 2016-இல் மறுபக்கம் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஹூண்டாய் டக்சன் ஒன்று மட்டும் அந்தப் பக்கமும் தேறியது. டொயோட்டா ராவ்4-இல் பயணி பக்கத்தில் ஓட்டுநர் பக்கத்தைவிட 13 அங்குலம் கூடுதலாகக் கூண்டு உள்ளே வந்தது, கதவும் திறந்துகொண்டது. பரீட்சைக்கு வரும் பாடத்தை மட்டும் படித்திருக்கிறார்கள்! அடுத்த ஆண்டே பயணி பக்கத்துக்கும் தனிச் சோதனை வந்தது. மாணவன் படிக்காத பாடத்திலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கும் இந்த வாத்தியார்த்தனம்தான் அந்த அமைப்பின் பலம்.

லாபம் என்ன என்று கேட்டீர்கள். அங்கே காயத்துக்கும் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கொடுக்கும் தொகை மிகப் பெரியது. கால் முறிவதைத் தடுத்தால் அவர்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சம். இங்கே காரை ஓட்டும் உரிமையாளர் இறந்தால் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம். அந்தத் தொகைக்காக ஒரு சோதனைக்கூடம் கட்ட யாருக்கும் தோன்றாது.

கேள்வி: இப்போதைய கார்களைக் கையால் அழுத்தினாலே தகடு உள்ளே போகிறது. என் தகப்பனார் வைத்திருந்த அம்பாசிடர் மோதினால் எதிரே வந்த வண்டிதான் நசுங்கும். கனமான தகடுதானே பாதுகாப்பு?
– காரைக்குடி வாசகர்

தகப்பனார் மேல் உள்ள மரியாதையோடு மறுக்கிறேன், ஐயா. ஐ.ஐ.எச்.எஸ். தன் ஐம்பதாவது ஆண்டான 2009-இல் உங்கள் கேள்விக்காகவே ஒரு சோதனை செய்தது போல இருக்கும். 1959-ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர், நல்ல கனமான தகடு, கப்பல் மாதிரி நீளம். அதற்கு எதிரே 2009-ஆம் ஆண்டு ஷெவர்லே மாலிபு. இரண்டையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், ஓரமாக மோதவிட்டார்கள். பெல் ஏரின் ஓட்டுநர் இடமே இல்லாமல் போனது. முன்தூண் மடிந்து, ஸ்டியரிங் டம்மியின் மேல் வந்து ஏறியது. ஆளாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் மூக்கு முழுக்க நொறுங்கியது, ஆனால் கதவுக்குப் பின்னால் கூண்டு நின்றது. அதில் இருந்தவருக்குக் காலில் சிறிய காயம்தான் என்று கணக்கிட்டார்கள்.

நீங்கள் விரலால் அழுத்தும் வெளித்தகடு வெறும் சட்டை. தாங்க வேண்டியவை உள்ளே இருக்கும் தூண்களும் அடிச்சட்டங்களும். மூக்கு நொறுங்கத்தான் வேண்டும், மோதும் விசையை அது தின்ன வேண்டும். பட்டறையில் நிற்கும் காரின் முகப்பு எவ்வளவு கோரமாக இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. முதலில் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். முன்பக்கம் சுத்தமாகப் போன பிறகும் கதவு தன் இடத்தில் வந்து பொருந்தினால் அந்தக் கூண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

கேள்வி: எல்லாக் கார்களும் அரசு சோதனையைத் தாண்டித்தானே விற்பனைக்கு வருகின்றன? பிறகு நட்சத்திரம் எதற்கு? வெறும் விளம்பரம்தானே?
– ஓசூர் வாசகர்

அரசு சோதனையில் முன் மோதல் 56 கிலோமீட்டரில். புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும் எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும்தான் அதுவே கட்டாயமானது. நட்சத்திரச் சோதனை 64 கிலோமீட்டரில். எட்டு கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள்; வேகத்தின் இருமடிப்படி ஆற்றல் கூடும் என்பதால் வண்டி தாங்க வேண்டிய மோதல் ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம்.

அந்தக் கட்டாயம் வருவதற்கு முன்னால், 2014 ஜனவரியில், கார்களைச் சோதித்து நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டில் பிரபலமான ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம். ஐ10 ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாரானது, ஃபிகோ மறைமலை நகரில். ஆனால் ஐந்து பூஜ்யமும் ஒன்றல்ல. ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூண்டே குலைந்தது. அதில் ஏர்பேக் வைத்தாலும் காப்பாற்றியிருக்காது. ஃபிகோவிலும் போலோவிலும் கூண்டு நின்றது, ஏர்பேக்தான் இல்லை. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவை மோதவிட்டபோது அதே கார் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஃபோக்ஸ்வேகன் ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டது. எந்தச் சட்டமும் அதைச் சொல்லவில்லை, அந்த வீடியோ சொன்னது.

2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு பாதுகாப்பைச் சொல்லிக் கார் விற்கலாம் என்று இங்கே நம்பிக்கை வந்தது. சின்னக் கார்களுக்குப் பேர்போன மாருதியின் டிசையரே 2024-இல் ஐந்து நட்சத்திரத்தோடு வந்தது. விளம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். மைலேஜை மட்டும் விளம்பரம் செய்த காலத்தைவிட இது மேல்.

2023 அக்டோபர் முதல் நமக்கென்று பாரத் என்கேப் என்ற நட்சத்திரச் சோதனை வந்துவிட்டது. வெளிநாட்டில் இரண்டரைக் கோடி ஆகும் சோதனை இங்கே 60 லட்சத்தில் முடியும் என்றார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர். சென்னைக்கு அருகே ஒரகடத்தில்கூட மோதல் சோதனைக் கூடம் இருக்கிறது. என் மனக்குறை ஒன்றுதான்: நிறுவனம் விரும்பினால்தான் சோதனை. தேறாது என்று தெரிந்த காரை எவன் தானாகக் கொண்டுவந்து நிறுத்துவான்?

கேள்வி: முன்னால் இரும்புக் கம்பி கார்டு மாட்டலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

கூடாது. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. நொறுங்க வேண்டிய மூக்கை நொறுங்கவிடாமல் செய்யும். ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். பாதசாரிக்கு எமன்.

கேள்வி: ஐந்து நட்சத்திரக் கார் என்பதால் மாமியாரும் குழந்தைகளும் பின்னால் பெல்ட் போடுவதில்லை. என் கணவரும் விட்டுவிடுகிறார். சரியா?
– மதுரை வாசகி

சரியில்லை, அம்மா. அந்த நட்சத்திரமே பெல்ட் கட்டிய டம்மிக்குக் கிடைத்தது. பின் இருக்கை எல்லா ஊரிலும் மறக்கப்பட்ட இடம். 2022-இல் ஐ.ஐ.எச்.எஸ். ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு சிறிய டம்மியை பெல்ட்டோடு உட்காரவைத்து 15 சிறிய எஸ்.யு.வி.க்களை மோதியது, ‘நன்று’ இரண்டு, ‘மோசம்’ ஒன்பது. பெல்ட் கட்டியே இந்த நிலை. பாரத் என்கேப் முடிவில் குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு, மொத்தம் 49. ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்தது 41 வேண்டும். அதுவும் குழந்தை இருக்கையில் உட்காரவைத்த டம்மிக்கு. பின் இருக்கையின் சாய்வும் மெத்தையும் சேரும் இடுக்கில் கையைவிட்டால் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் தட்டுப்படும். மாமியாரை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாடலில் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– தேனி வாசகர்

நட்சத்திரம் வாங்கியது புதுக் கார், அதுவும் குறிப்பிட்ட ஏர்பேக் எண்ணிக்கையோடு. நீங்கள் பார்த்திருப்பது சோதனைக்கு முன்னால் தயாரானதா, அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் ஏர்பேக் இல்லாததை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். முன் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரிப்பு விவரம் இருக்கும். காரைவிட பெல்ட் இளையது என்றால் ஏற்கெனவே ஒரு முறை மோதி மாற்றியிருக்கிறார்கள். தோள் பக்க வளையத்தில் உரசும் இடத்தில் துணி பளபளத்து இழுபட்டிருந்தால், மோதியும் மாற்றவில்லை என்று அர்த்தம். இரண்டாவது வகைக் காருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.