கொதிக்க வைத்தும் சோப்பு நுரைக்காத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்

கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகும் உங்கள் திருமங்கலம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, வாளி விளிம்பில் கசடு படிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் நிரந்தரக் கடினத்தன்மையே, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் போன்றவற்றால் வரும், கொதிக்க வைத்தாலும் நீங்காத தன்மை. நம் ஊரில் எல்லாவற்றையும் 'உப்புத்தண்ணீர்' என்று முடித்துவிடுகிறோம். அந்தக் கால்சியம் பைகார்பனேட்டாக இருந்திருந்தால் கொதியில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். சல்பேட், குளோரைடு அயனிகளோடு (மின்னூட்டம் கொண்ட துகள்களோடு) இருக்கும் கால்சியம் அப்படிப் பிரிவதில்லை. இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட ஒவ்வொரு கால்சியம் அயனியும் சோப்பின் எதிர்மின்னூட்டம் கொண்ட இரண்டு அயனிகளைப் பற்றிக்கொண்டு, வாளி விளிம்பில் நீங்கள் கண்ட அந்தத் திரிந்த பால் போன்ற கசடாகிறது.

ஒரு குவளைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கலக்கி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் சோப்பைக் குலுக்கிப் பாருங்கள். நுரை எழுந்தால், சோடா கால்சியத்தைப் படியவைத்துவிட்டது, காரணம் நிரந்தரக் கடினத்தன்மையே. சலவைத் தூளால் சோதிக்க வேண்டாம், அது கடினநீரிலும் நுரைக்கும்.

சோடா கலந்த தண்ணீர் துவைப்பதற்கு மட்டுமே, குடிக்க ஆகாது.