கோடையில் குழந்தைக்கு டயப்பர் புண் வராமல் தடுப்பது எப்படி?

வெயில் ஏறியதிலிருந்து உங்கள் குழந்தைக்கு டயப்பர் அணியும் இடம் அடிக்கடி சிவந்து போவதாகவும், எந்தக் களிம்பு நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். களிம்புக்குப் பிறகு வருகிறேன். என் அனுபவத்தில், கோடையில் அதைவிட முக்கியம் காற்று.

என் மகளுக்கு ஏழு மாதமானபோது மதுரையில் அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. 12 மணி நேரம் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்ததை நம்பி, டயப்பர் கனத்துத் தொங்கினால்தான் மாற்றுவேன். ஒரு நாள் மதியம் கழற்றியபோது, உட்புறம் தொட்டால் உலர்ந்தே இருந்தது. ஆனால் அவளுடைய தோல், வெகுநேரம் துணி துவைத்த விரல்களைப் போல ஊறிப்போய், எலாஸ்டிக் அழுந்திய இடத்தில் சிவப்புக் கோடாகத் தடித்திருந்தது. சிறுநீரை டயப்பர் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் புழுக்கத்தில் ஊறும் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. ஊறிய தோல் சிறு உராய்வுக்கே பிய்ந்துவிடும். அதன்மேல் மலமும் சிறுநீரும் சேரும்போது அம்மோனியா உண்டாகித் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைய, மலத்திலுள்ள செரிமான நொதிகள் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன.

ஆகவே பகலில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் கழித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி, தொடை இடுக்குகளையும் விரித்துத் துடைத்தபின், ஐந்து நிமிடமாவது திறந்தபடி விட்டு உலர்ந்ததும் அடுத்ததை அணிவியுங்கள். வாசனை சேர்த்த ஈரத் துடைப்பான்களைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கமான அளவு தொடையில் தடம் பதிக்கிறதென்றால், அடுத்த அளவுக்கு மாறிவிடலாம்.

வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் டயப்பரே வேண்டாம் என்று என் மாமியார் சொன்னபோது, மெத்தை பாழாகுமே என்று நான் முகம் சுளித்தேன். அவர் என் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்துத் தரையில் பாய்மேல் விரித்து, குழந்தையை அப்படியே படுக்க வைத்தார். ரப்பர் ஷீட்டைக்கூட எடுத்துவிட்டார், அது சூட்டைக் கிளப்பும் என்பதால். ஒரு மதியத்துக்கு ஆறேழு துணிகள் நனையும், அவ்வளவுதான். துணிகளைச் சோப்பு துளியும் தங்காமல் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். மணமூட்டும் திரவம் சேர்க்கக் கூடாது.

பவுடர் போடாதீர்கள். அதன் தூள் குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் போகும் என்பதோடு, ஈரத்தில் கட்டி தட்டி இடுக்கில் உராயவும் செய்யும். களிம்பு என்றால், துத்தநாக ஆக்ஸைடு கலந்தது அல்லது வாசனையற்ற பெட்ரோலியம் ஜெல்லி போதும். உலர்ந்த தோலில், குறிப்பாக இரவில், தாராளமாகப் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கான மேல்படலத்தை மட்டும் துடைத்தால் போதுமானது.

இரண்டு மூன்று நாட்களில் சிவப்பு குறையவில்லை என்றாலோ, இடுக்குகளுக்குள் அடர்சிவப்பாகி ஓரத்தில் சிறு புள்ளிகள் சிதறினாலோ, அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ், கொப்புளம், காய்ச்சல் இருந்தால் அன்றே போய்விடுங்கள். நான் முதலில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டியூபைத் தான் பூசினேன். இரண்டு நாள் வெளுத்த சிவப்பு, மூன்றாம் நாள் முன்னைவிடப் பரவியது. மருத்துவர் டியூபைத் திருப்பிப் பார்த்து, அதில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பதையும், டயப்பருக்குள் மூடிவைத்தால் தோல் அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதையும் சொல்லி, பூஞ்சைக்கான களிம்பை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மதியத்து வேட்டித் துணி மட்டும் ஆடி மாதம் வரை தொடர்ந்தது.