பழைய ரேஸ் சைக்கிள் ஃப்ரேம்: கேள்வி-பதில்

கே: ஃப்ரேம் குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்கிறார்களே, அந்த எண் எடையைக் குறிக்கிறதா?

ப: இல்லை. அது ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய். சேர்மானங்கள் 5:3:1 விகிதத்தில் இருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். 1935இல் பர்மிங்காமில் வந்தது.

கே: சாதாரண எஃகைவிட 531 விறைப்பானதா?

ப: எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 531க்கு வலிமை அதிகம். அதனால் குழாயின் சுவரை மெலிதாக இழுக்க முடிந்தது. பட்டட் (சுவரின் தடிமன் ஒரே சீராக இல்லாத) மேல்குழாயில் முனைகள் 0.8 மி.மீ., நடுவில் 0.5. எடை குறைவது அந்த நடுப்பகுதியில்தான்.

கே: ஸ்டாண்டில் மேல்குழாயைக் கவ்வி வைத்து வேலை பார்க்கிறேன். சரிதானே?

ப: நடுவில் அரை மில்லிமீட்டர்தான் என்று இப்போதுதான் சொன்னேன். நசுங்கினால் அதோடு போச்சு. சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டில் பிடியுங்கள்.

கே: 531 ஸ்டிக்கர் ஒட்டிய ஃப்ரேம் ஒன்றுக்கு நல்ல விலை சொல்கிறார்கள். படம் இணைத்துள்ளேன். வாங்கலாமா?

ப: ஸ்டிக்கரை மட்டும் நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஃப்ரேம் எங்கே ஐயா? ஸ்டிக்கர் காகிதம்; அச்சடித்து விற்கிறார்கள், யாரும் ஒட்டலாம். அசல் ஸ்டிக்கரே ஆனாலும் முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முக்கியமான மூன்று குழாய்கள் மட்டும் 531, அதுவும் பட்டட் அல்லாத சாதா குழாய் என்று சொல்லும் ஸ்டிக்கரும் உண்டு. ஃபோர்க், பின்கம்பி உட்பட எல்லாமே 531 என்று சொல்வதும் உண்டு. நானும் ஒரு தடவை பளபளப்பான ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கிப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சீட் போஸ்ட்டை உருவினால் விட்டம் 26.4 மி.மீ.தான்.

சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. மேல்முனை மெலிதாக இருந்தால்தான் 27.2 போஸ்ட் உள்ளே போகும். போஸ்ட் சிறுத்தால் சுவர் தடித்திருக்கிறது என்று அர்த்தம். 27.2 போகிறது என்பதாலேயே 531 ஆகிவிடாது, இத்தாலிய நிறுவனமான கொலம்பஸின் எஸ்.எல். குழாய்க்கும் அதே அளவுதான். பழைய பிரெஞ்சு ஃப்ரேமில் குழாயே 28 என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. தட்டிப் பார்த்து ‘டிங்’ என்கிறதா என்று கேட்பதெல்லாம் தேங்காய் வாங்கத்தான் உதவும். வெர்னியர் எடுங்கள், அளந்து பாருங்கள்.

கே: பின்சக்கரம் பொருந்தும் இடைவெளி 126 மி.மீ. 130 ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) போடலாமா?

ப: 531 என்றால் பக்கத்துக்கு 2 மி.மீ. நிதானமாக விரிக்கலாம். ரெனால்ட்ஸின் இன்னொரு குழாயான 753 என்றால் கை வைக்காதீர்கள்.

கே: ஃப்ரேமில் விரிசல். வெல்டிங் வைக்கலாமா?

ப: எங்கே விரிசல், எந்தக் குழாய், ஒன்றும் எழுதவில்லை. எதுவானாலும் வெல்டிங் வேண்டாம். 531 லக் (குழாய்கள் சேரும் இடத்தில் வரும் உறை) வைத்துப் பித்தளையிலோ வெள்ளியிலோ பிரேசிங் செய்வதற்கான, அதாவது குழாயை உருக்காமல் பற்றவைப்பதற்கான குழாய். ஃப்ரேம் கட்டுபவரிடம் கொண்டுபோனால் அந்தக் குழாயை மட்டும் மாற்றித் தருவார். அங்கேயும் ஸ்டாண்டில் சீட் போஸ்ட்டைத்தான் பிடிக்கிறார்களா என்று பாருங்கள்.