வாய்விட்டுப் படிக்க ஒரு சரித்திர நாவல்

கேள்வி: மலையாளப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைக் கேட்டால் புரிகிறது, வாசிக்கத்தான் தடுமாறுகிறார்கள். இரவில் குடும்பமாக உட்கார்ந்து படிக்க, சிரிப்பும் கலந்த சரித்திர நாவல் ஒன்றைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையே முதலில் எடுங்கள், சகோதரி. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை என்பதால், அத்தியாயங்கள் இரவுக்கு ஒன்றாகப் படிக்கத் தோதாக அமைந்து, பெரும்பாலும் ‘அப்புறம் என்ன?’ என்று பிள்ளைகள் கேட்கும் இடத்தில் நிற்கின்றன. வீரநாராயணபுரத்தில் வீர வைணவனான ஆழ்வார்க்கடியான் நம்பி கைத்தடியோடு ஒரு சைவரிடமும் ஓர் அத்வைதியிடமும் மல்லுக்கு நிற்கும் கட்டம், வாய்விட்டுப் படிப்பதற்கென்றே எழுதியது போலிருக்கும். நம்பியின் பேச்சைத் தாத்தாவும், எதிராளிகளின் பேச்சை அப்பாவும் படிக்கட்டும். வர்ணனை நீளும் பக்கங்களைத் தயங்காமல் சுருக்கிக்கொள்ளுங்கள். நகைச்சுவைக்கு உயிர் உரையாடலில்தான் இருக்கிறது. ஆகவே வேறு எந்த நாவலை வாங்குவதானாலும், ஒரு பக்க உரையாடலை உரக்கப் படித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் முடிவு நெருங்கும் பகுதிகள் மனத்தைக் கனக்கச் செய்பவை. சிறு குழந்தைகள் இருந்தால் அவற்றைப் பகலில் படியுங்கள். பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்ததும், சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ என்ற சரித்திர நாவலை மலையாளத்திலேயே அவர்கள் உங்களுக்குப் படித்துக் காட்டலாம்.