கவனகர் எட்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வதில்லை: கேள்வி பதில்

ஆசிரியை ஒருவர்: வணக்கம் ஐயா. அட்டாவதானி எட்டுக் காரியங்களை ஒரே சமயத்தில் கவனிப்பதாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

மாணவர்கள் பக்கம்தான் நியாயம். அவதானக் கலையைக் கவனகம் என்றும் அவதானியைக் கவனகர் என்றும் சொல்கிறோம். மாயக்கட்டம் போடுவது, அடிக்கும் மணியை எண்ணுவது, கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டுக் கட்டுவது என்று சபையில் கேட்கும் எட்டும் ஒரே நொடியில் நடப்பதில்லை. கேட்பவர்கள் முறை வைத்துக் கேட்கிறார்கள். கவனகர் ஒன்றைத் தொடுவார், பாதியில் விடுவார், அடுத்ததற்குப் போவார், பிறகு விட்ட இடத்துக்கே சரியாகத் திரும்பி வருவார். திறமை முழுக்க அந்தத் திரும்பி வருவதில் இருக்கிறது. தசாவதானத்தில் பத்து, சோடசாவதானத்தில் பதினாறு, சதாவதானத்தில் நூறு. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறையும் செய்து காட்டினார். எண்ணிக்கை ஏறினாலும் அடிப்படை மாறாது. மனத்தில் ஒரு நேரத்தில் ஏந்த முடிவது ஏறக்குறைய நான்கு தகவல் துண்டுகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். மீதி எல்லாம் முன்கூட்டியே மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும், அல்லது மனத்துக்கு வெளியே எங்காவது வைத்திருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்: மாயக்கட்டம் மட்டும் கற்றுக்கொடுங்கள் அண்ணா. சபையில் எந்த எண் சொன்னாலும் போட வேண்டும்.

எந்தப் பக்கம் கூட்டினாலும் கேட்ட எண்ணே வருவதுதான் மாயக்கட்டம். பதினாறு கட்டத்தில் பன்னிரண்டு எப்போதும் மாறாது. நான்கு மட்டுமே கேட்ட எண்ணைப் பொறுத்தது. கேட்டது 87 என்று வைத்துக்கொள்ளுங்கள்:

8, 11, 67, 1
66, 2, 7, 12
3, 69, 9, 6
10, 5, 4, 68

67 என்பது கேட்ட எண்ணில் 20 கழித்தது. 66க்கு 21, 69க்கு 18, 68க்கு 19 கழிக்க வேண்டும். நெடுக்கு, குறுக்கு, இரண்டு மூலைவிட்டம் எப்படிக் கூட்டினாலும் 87 வரும். 34க்குக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள்: ஒரே எண் இருமுறை விழும், இன்னும் குறைந்தால் கழித்தல் எண்ணே வந்துவிடும். எண்ணைக் கேட்டவுடன் நான்கு கழித்தலையும் முடித்து அந்தக் கட்டங்களை முதலில் நிரப்புங்கள். வரிசையாக மேலிருந்து எழுதிக்கொண்டே போனால், நடுவில் யாராவது கேள்வி கேட்டதும் கழித்தல் பிசகும். மாறாத பன்னிரண்டைக் கை பார்த்துக்கொள்ளும், கவனம் வேண்டியதில்லை.

மணி எண்ணிக்கை பழகுபவர்: யாராவது பேச்சுக் கொடுத்தால் எத்தனை மணி அடித்தது என்பது மறந்துவிடுகிறது.

மனத்துக்குள் "ஏழு, எட்டு" என்று சொல்லி எண்ணுகிறீர்கள். பேசுவதற்கு வேண்டியதும் அதே உள்குரல்தான், இரண்டும் மோதும். எண்ணிக்கையை விரலுக்கு மாற்றுங்கள். வலக்கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டால் 12. ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் இடக்கையில் ஒரு கணு நகர்த்தினால் 144 வரை போகலாம்.

முதல் வாரம் பேசாமல் பத்து நிமிடம். இரண்டாம் வாரம் நாளிதழை உரக்கப் படித்துக்கொண்டு. அதன் பிறகு உரையாடல். மணி அடிப்பவர் சீரான இடைவெளியில் அடிக்கவே கூடாது. அடுத்தடுத்து இரண்டு அடி விழும்போது கட்டைவிரல் ஒரு கணு மட்டும் நகர்வதுதான் வழக்கமான தவறு. அதைத் தனியாகப் பழகுங்கள்.

மரபுக்கவிதை எழுதுபவர்: ஈற்றடி கொடுத்தால் கை நடுங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஈற்றடியின், அதாவது பாட்டின் கடைசி அடியின், முதல் அசையிலிருந்து. அசை நேர், நிரை என இரு வகை; மா, விளம், காய் என்பவை சீர் வகைகள். வெண்பாவில் அந்த அசை நேர் என்றால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் விளத்திலோ காயிலோ முடிய வேண்டும், நிரை என்றால் மாவில். இதைப் பார்த்தவுடனே பாதிச் சொற்கள் கழிந்துவிடும். அடுத்து எதுகை. நேரிசை வெண்பா என்றால் இரண்டாம் அடியின் முடிவில் வரும் தனிச்சொல்லை முதலில் பிடித்து வைத்துவிட்டு அப்புறம் முதலடிக்குப் போங்கள். முதலடியை அழகாக எழுதிவிட்டுத் தனிச்சொல் தேடுபவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக, கொடுத்த அடியின் தொடக்கச் சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்தோ அசையோ ஒட்டுமா என்று பாருங்கள். முஸ்லிமான செய்குத்தம்பிப் பாவலருக்கு "துருக்கனுக்கு (முஸ்லிமுக்கு) ராமன் துணை" என்று ஈற்றடி கொடுத்து மடக்கப் பார்த்த கதையைப் பலரும் சொல்வார்கள். அவர் முன்னால் ஒரு "சத்" சேர்த்து, ராமனின் தம்பி சத்துருக்கன் ஆக்கிவிட்டார். பொருளைப் பார்த்துத் திகைத்திருந்தால் அந்த வழி தெரிந்திருக்காது. அவர் ஒலியைப் பார்த்தார்.

சிறுகதை எழுதுபவர்: எழுத உட்கார்ந்தால் வாட்ஸாப், கதவு மணி, பால்காரர். திரும்பி வந்தால் வேகம் போய்விடுகிறது.

தெலுங்கு அட்டாவதானத்தில் இடைஞ்சல் செய்வதற்கென்றே ஒருவர் உட்காருவார். அப்பிரஸ்துதப் பிரசங்கம் என்று அதற்குப் பெயர். கவனகர் பாடலில் ஆழும் நேரம் பார்த்து "இன்று என்ன டிபன்?" என்கிற தினுசில் கேட்பது அவர் வேலை. கவனகர் அவருக்கும் சுவையாக ஒரு பதில் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். ஆகவே இடைஞ்சலே வராத வீட்டைத் தேட வேண்டாம், எழும் முறையை மாற்றுங்கள்.

எழுவதற்கு முன் பத்து நொடி. அடுத்த வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை எழுதுங்கள், பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வரியில் குறியுங்கள். "அம்மா கடிதத்தைப் பார்க்கவில்லை, ஆனால் தெரியும்" என்ற அளவு போதும். முடிக்காத வேலையின் ஒரு பகுதி மனத்தோடு அடுத்த வேலைக்கும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை சோஃபி லெராய் 2009இல் ஆய்வாக வெளியிட்டார். குறிப்பு எழுதினால் அந்த ஒட்டல் தாளுக்குப் போய்விடும். அத்தியாயம் முடிந்த இடத்தில் எழுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் மோசமான இடம், மறுநாள் வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பிழை திருத்துபவர்: மூன்று முறை படித்தும் அச்சில் பிழை வருகிறது.

மூன்று முறையும் எல்லாவற்றையும் தேடியிருப்பீர்கள். ஒரு சுற்றுக்கு ஒரே வகை: ஒற்று ஒரு சுற்று, ல ள ழவும் ன ணவும் ஒரு சுற்று, ஆண்டும் எண்ணும் பெயரும் ஒரு சுற்று. பனி, பணி இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் மென்பொருள் கண்டுகொள்ளாது. இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நார்மன் மேக்வொர்த் 1948இல் கடிகார முள்ளின் அரிதான துள்ளலைக் கவனிக்க வைத்துப் பார்த்தபோது, முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடியது. கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள், பொருளின் ஓட்டம் அறுந்தால் கண் எழுத்தைப் பார்க்கும். தலைப்பைத் தனியாக வாய்விட்டுப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பதாலேயே அதை யாரும் படிப்பதில்லை.

பிளஸ் டூ மாணவி: பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பழகும்போது பெரிய கெடுதல் இல்லை. கட்டுரை எழுதும்போது தெரிந்த மொழிப் பாட்டு வேண்டாம், அதன் சொற்கள் உங்கள் சொற்களோடு முட்டும். வீணையோ நாகஸ்வரமோ பரவாயில்லை.

இல்லத்தரசி: கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருகிறேன் அண்ணா.

மறதி இல்லை அம்மா. பழகிய கை கவனமே இல்லாமல் அணைத்துவிடுகிறது, அதனால் நினைவில் எதுவும் பதியவில்லை. ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வார்கள். நீங்களும் குமிழைச் சுட்டி "செவ்வாய், கேஸ் அணைச்சாச்சு" என்று சொல்லுங்கள். கிழமையைச் சேர்ப்பது முக்கியம், இல்லாவிட்டால் நேற்றுச் சொன்னது இன்றைக்குச் சொன்னதாகத் தோன்றும்.

ஒரு தந்தை: என் மகனுக்கு ஒன்பது வயது. கவனகம் பழகினால் தேர்வில் மதிப்பெண் ஏறுமா?

அதற்காக என்றால் சேர்க்காதீர்கள். 1980இல் வெளிவந்த எரிக்சன், சேஸ் ஆய்வில் ஒரு மாணவர் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். தொடங்கும்போது அவருக்கு வந்தது 7. ஆனால் இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி 6க்கு இறங்கிவிட்டார். பழகியது எதுவோ அதுதான் வளரும். பையனுக்கு வெண்பாவும் எண் விளையாட்டும் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், நாளைக்கு இருபது நிமிடம் போதும். வேதியியலுக்கு வேதியியலைத்தான் படிக்க வேண்டும்.