வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருந்தும் பெண்ணாக இருக்க முடியுமா? மூளையை ஸ்கேன் செய்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடாதா?

முடியும். கருவில் ஆறு வாரம் வரை இனச்சுரப்பி இருபாலுக்கும் பொதுவானது. ஒய்-யில் உள்ள எஸ்.ஆர்.ஒய் மரபணு அதை விந்தகமாக்குகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும். ஆனால் அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு இருப்பது எக்ஸ்-இல்! அது முழுதும் பழுதானால் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைக் கண்டுகொள்ளாது. உடல் பெண்ணாகவே வளரும். மிஞ்சும் டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பகமும் வளரும். ஆனால் கருப்பை இருக்காது. அது உருவாகாமல் தடுப்பது விந்தகம் சுரக்கும் வேறொரு ஹார்மோன், அது ஒழுங்காக வேலை செய்துவிடுகிறது. பதினாறு வயதாகியும் பூப்பெய்தவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியும். ஸ்கேன், ஹார்மோன் அளவு, குரோமோசோம் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

இதே நிலையில் பிறந்த ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவை 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் குரோமோசோம் சோதனையை வைத்தே விலக்கினார்கள். அவர் உடலுக்கு உறைக்காத ஹார்மோனால் என்ன லாபம் கிடைத்திருக்கும்? 1988-இல் தடை நீங்கியது.

மூளை? சராசரியில் ஆண் மூளை சுமார் பத்து சதவீதம் பெரிது. சராசரிதான். 2015-இல் 1,400-க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் ஆண், பெண் இரு பக்கக் கூறுகளும் கலந்தே இருந்தன. ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா என்பதை ஸ்கேன் சொல்லாது. அவரிடமே கேட்க வேண்டும்.