கீழக்கரை வாசகசாலை ஏடுகளுக்கு மானியம்: முதலில் எதற்குக் கேட்பது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர்கள் தெரு வாசகசாலையில் இரண்டு பீரோ நிறைய அரபுத்தமிழ்க் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப் பிரதிகள், தோணி வியாபாரக் கணக்குப் புத்தகங்கள், 1950-களின் பத்திரிகைக் கட்டுகள். ட்ரஸ்ட் பதிவாகி இரண்டு வருடம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய மானியம் வேண்டும், அமெரிக்காவில் சின்ன நூலகங்களுக்குத் தருகிறார்களாமே, அது நமக்குக் கிடைக்குமா என்கிறார்.

கிடைக்காது. என்.இ.எச். என்ற அமெரிக்க அரசு அமைப்பு தந்து வந்தது அது, அந்த நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும். ஆனால் அந்தப் பணம் எதற்குப் போனது என்று பாருங்கள்: நிபுணர் ஒருவர் நேரில் வந்து சேகரிப்பின் நிலையை எழுதித் தர, பெட்டியும் அலமாரியும் வாங்க, பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க. நீங்களும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஸ்கேனை அல்ல.

ஏனென்றால் உங்கள் ஊர்க் காற்று அப்படி. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், கடலோரத்தில் அதற்கு ஐப்பசி மழை வரை காத்திருக்கவே வேண்டாம். உப்புத் துகள் வேறு படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பத்திரிகைகளில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளையே தின்றுவிடும். ஸ்கேன் செய்துவிட்டு அதே பீரோவில் திரும்ப வைத்தால் மூலம் அழிந்துகொண்டுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கிக் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். விண்ணப்பத்தில் அந்த நோட்டு பத்துப் பக்க விளக்கத்தை விட நன்றாகப் பேசும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அப்புறம், தயவுசெய்து லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். புல்தைலம் பூசுவது ஓலைச்சுவடிக்கு, காகிதத்துக்கு அல்ல.

சரி, எங்கே கேட்பது? உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் பாதி விடை அதிலேயே வந்துவிடும். கையால் எழுதியது, 75 வருடத்துக்கு மேல் பழையது என்றால் மத்திய அரசின் சுவடித் திட்டத்தில் வர வாய்ப்பு உண்டு (2003-இல் தொடங்கியது, 2025-இல் ஞான பாரதம் என்ற பெயரில் விரிவாக்கினார்கள்). அச்சுப் பத்திரிகை அதில் வராது. தேசிய ஆவணக் காப்பகமும் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்புகளுக்குச் சுவடி, அரிய நூல் பாதுகாப்புக்கென நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது. மத்திய அரசுப் பணம் எதற்கும் என்ஜிஓ தர்ப்பண் என்ற, தன்னார்வ அமைப்புகளுக்கான அரசு இணையதளத்தில் பதிவு வேண்டியிருக்கும், இன்றே செய்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டம் 2004 முதல் இந்த மாதிரிப் பிரதிகளை எண்ணிமமாக்கப் பணம் தந்து வருகிறது, மூலம் ஊரிலேயே இருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பணம் வாங்க ட்ரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அதற்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு இப்போதைக்குத் திறந்திருக்கும் வழி, குறிப்பிட்ட ஒரு கொடையாளருக்கும் ஒரு வேலைக்கும் மட்டும் வாங்கும் முன் அனுமதி. பதிவு உள்ள வேறு அமைப்பு பணத்தை வாங்கி உங்களுக்கு மாற்றித் தரலாமே என்று சிலர் சொல்வார்கள், அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முடியாது. அந்த அமைப்பே வேலையை நடத்த வேண்டும், நீங்கள் இடமும் ஏடுகளும் தரலாம்.

இன்னொன்று, பலர் கடைசியில் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்தப் பிரதிகளில் எத்தனை வாசகசாலையுடையது, எத்தனை யாருடைய வாப்பாவோ பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்தது? அந்தக் குடும்பங்களிடம் இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.